கோடிக்கு வந்த ஆறுமணிக் குருவி

விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு மேசையை விட்டு எழுவதற்கு ஒரு சாட்டுக் கிடைத்தாற் போதும். 2024ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்து மாலையொன்றிலே எமக்குக் கிடைத்த சாட்டு ஒரு சீழ்க்கை. இரண்டே இரண்டு சுரங்கள். முதலாவது மேலே எழுந்தது, இரண்டாவது தாழ்ந்து விழுந்தது. கோடிப்புறத்து மாமரங்களின் கீழிருந்து வந்த அவ்வொலி சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கேட்டது, பின்னர் ஓய்ந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்திலே ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. சிவப்பு மைப் பேனாவைக் கையிற் பிடித்தபடியே நாம் கோடிக்கு ஓடினோம். அங்கே சருகும் இருளுமன்றி வேறொன்றும் காணக் கிடைக்கவில்லை.

ஆனாற் குரலுக்கு உரியவர் யாரென்பதில் எமக்கு ஐயமில்லை. அக்குரலை நாம் முதன்முதற் கேட்டது இவ்வூரிலன்று, மீசாலையிலே. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்ததை அறியாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் இராது. எமக்கு அப்போது பதினைந்து வயது. கோப்பாய்-கைதடி வீதியால் மழையில் நனைந்து சென்று, உறவினர் ஒருவரின் மாந்தோப்பிலே கிடுகுக் கொட்டிலொன்று போட்டுத் தங்கினோம். மின்கலங்கள் குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டிருந்த காலமாதலால், அப்பாவின் கைக்கடிகாரம் என்றோ நின்றுபோயிருந்தது. அந்தத் தோப்பிலே மாலைதோறும் ஒரு குருவி இருமுறை சீழ்க்கையடிக்கும். அதைக் கேட்டதும் அம்மம்மா எழுந்து, ஜாம் போத்தலிலே செய்த விளக்கைக் கொளுத்தி வைப்பார். மண்ணெண்ணெயைத் துளி துளியாக எண்ணிச் செலவிட்ட நாட்கள். அக்குருவி கூவுமுன் விளக்கேற்ற அவர் யாரையும் விடமாட்டார். மாசி மாதத்திலே அம்மம்மா அங்கேயே காலமானார். சித்திரையில் நாம் ஊர் திரும்பியபோது குருவியின் குரலும் அத்தோப்பில் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே கோப்பாயைக் கடந்ததும் வருவது எம் ஊராகிய நீர்வேலி. செம்மண் பூமி, வாழைக்குப் பேர்போனது. முன்னர் வளவுக்கு வளவு கிளுவையும் பூவரசும் முள்முருங்கையும் நின்ற உயிர்வேலிகள் இருந்தன. இன்று அவற்றிற் பெரும்பாலானவை சீமெந்து மதில்களாகிவிட்டன. முற்றத்துக்குக் கல் பதிப்பதும் இப்போது நாகரிகம். எம் கோடிக்கு அப்பாலுள்ள வளவு கனடாவிலே வாழும் ஒருவருக்கு உரியது. பற்றை பிடித்து, வடலி வளர்ந்து, ஆள் நுழைய முடியாதபடி கிடக்கின்றது. அயலவர் அதனைப் பாழ்வளவு என்று பழிப்பர். நாமும் பழித்திருக்கின்றோம். ஆயினும் மதிலெழுப்பிய வளவுகளிலே காணாத புள்ளினங்களெல்லாம் அந்தப் பாழிலிருந்தே எம் கோடிக்கு வந்துபோகின்றன என்பதை இக்குருவிக்குப் பின்னரே கவனித்தோம்.

குரல் கேட்ட மூன்றாம் நாட் காலை, படிப்பறை யன்னலிலே தொம்மென்று ஓரோசை. ஈராண்டுகளுக்கு முன் நாம் ஆசையோடு பூட்டிய பெரிய கண்ணாடி அது. மாமரத்தின் நிழலுரு அதிலே அப்படியே தெரியும். வெளியே ஓடிய மகள் இரு கைகளையும் குவித்துக்கொண்டு திரும்பினாள். கைக்குள்ளே கண்களை அரைவாசி மூடியபடி அக்குருவி கிடந்தது.

முப்பதாண்டுகளாகக் குரலால் மாத்திரம் அறிந்த ஒன்றை அன்றே கண்ணாற் கண்டோம். மைனாவிலும் சற்றுச் சிறியது. 19 சென்றிமீற்றர் நீளமிருக்கலாம். வாலென்று சொல்ல ஒரு சிறு நறுக்கே உண்டு. கால்களோ உடலுக்குப் பொருந்தாத நீளம். முதுகு பச்சை, தோளிலும் வாலடியிலும் பளிச்சென்ற நீலம், தொண்டை வெள்ளை, மார்பு சந்தனம் குழைத்தாற்போன்ற மஞ்சள், அடிவயிற்றிலே குங்குமம் கொட்டினாற்போற் சிவப்பு. கண்ணை ஊடறுத்து அகன்ற கரும்பட்டை, உச்சியிலே இன்னொரு கருங்கோடு. பஞ்சவர்ணக் குருவி என்று இதற்கு ஒரு பெயர் வழங்குவது வெறும் புகழ்ச்சியன்று.

மேசையிலே கமரா இருந்தது. எம் மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது விட்டுச்சென்ற நல்ல கமரா. மகள் எம்மையும் அதனையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த வீட்டு அன்பரோ, "கூட்டுக்குள்ள விட்டு வையுங்கோ மாஸ்ரர், பள்ளிக்கூடப் பிள்ளையளும் வந்து பார்க்கலாம்" என்றார். ஆசிரியரின் பலவீனம் அறிந்தவர். ஒரு கணம் எம் மனமும் அப்பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் இது நெல்லையோ பழத்தையோ தின்று கூட்டில் வாழும் சாதியன்று. சருகைக் கிளறி, மண்ணிலுள்ள புழு பூச்சிகளைத் தானே தேடி உண்பது. காட்டுப் பறவையை அடைத்து வைத்தலைச் சட்டமும் ஒப்பாது. சப்பாத்துப் பெட்டியொன்றிலே துளைகளிட்டு, குருவியை உள்ளே விட்டு மூடி, இருண்ட அறையிலே வைத்தோம். நீரோ உணவோ புகட்டவில்லை. அதிர்ச்சியடைந்த பறவைக்கு இருளும் அமைதியுமே மருந்து. ஒரு மணி நேரத்தின் பின் பெட்டிக்குள்ளே கால்கள் பிறாண்டும் ஒலி கேட்டது. மாமரத்தடியில் வைத்துத் திறந்தோம். தத்தி வெளியே வந்தது, ஒரு கணம் நின்றது, பாழ்வளவுப் பக்கம் தாழப் பறந்து மறைந்தது. சிறகை விரித்தபோது வெள்ளைத் திட்டொன்று மின்னியது.

"ஏன் அப்பா, கையில இருக்கேக்க படம் எடுக்கேல்லை?" என்று மகள் கேட்டாள். நடுங்கும் உயிரைப் படமெடுக்க மனம் ஒப்பவில்லை என்றோம். அது மெய்தான். ஆயினும் இன்னொரு காரணத்தையும் வாசகர்களுக்கு மறைத்தல் ஆகாது: அந்தக் கமராவை இயக்கும் வகை எமக்கு அன்று சரிவரத் தெரியாது. மாலையிலே செய்த முதல் வேலை, பழைய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளை யன்னற் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டியது. அழகு குன்றியது, மோதல் நின்றது.

இக்குருவி இங்கே பிறந்ததன்று. இமயத்து அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும், தென்மேற்குப் பருவமழைக் காலத்திலே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, மழை ஓய்ந்தபின் தெற்கே பெயர்ந்து வருவது. பயணம் இரவிலே நிகழ்கின்றது. கோடிக்கரைக்கும் எம் வடகரைக்கும் இடையே ஏறக்குறைய 55 கிலோமீற்றர்க் கடல். அதைத் தாண்டிக் களைத்து வருபவை விளக்கொளியால் மயங்கி வீடுகளுக்குள் நுழைவதும், கண்ணாடியில் மோதுவதும் ஐப்பசி மாதத்திலே புதினமல்ல. பின்னர் தீவெங்கும் பரந்து, சோலைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் சித்திரை வரை தங்கும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் ஆறுமணிக் குருவி ஆயிற்று. தோட்டக்கள்ளன் என்னும் பெயரும் உண்டு. அது சருகுக்குள்ளே பதுங்கித் திரியும் விதத்தைக் கண்டவர் எவரும் அப்பெயரை மறுக்கமாட்டார். சிங்கள மக்கள் அதன் குரலைக்கொண்டே அவிச்சியா என்பர். அதன் அழகிய ஆடையை மயில் கவர்ந்துகொண்டது என்று கதையும் சொல்வர். எஞ்சிய ஆடையே இவ்வளவு அழகென்றால், இழந்தது எப்படியிருந்திருக்குமோ! உலக விஞ்ஞானிகள் வழங்கும் பிற்றா என்ற பெயரோ தெலுங்கிலே சிறு பறவையைக் குறிக்கும் சொல். ஜீ. எம். ஹென்றி எழுதி 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய கைந்நூலை விரித்து வைத்துக்கொண்டு, மகளோடு இவற்றையெல்லாம் பேசினோம்.

இனி வருவது வீட்டுப் போர். எம் அன்னையார் எழுபதைக் கடந்தவர். விடியுமுன் விளக்குமாற்றை எடுத்து, முற்றம் தொடங்கிக் கோடி வரை ஒரு சருகும் இல்லாமற் கூட்டி, குவித்து, தீமூட்டினாலன்றி அவருக்குப் பொழுது விடிந்ததாகாது. யாழ்ப்பாணத்துப் பெண்மக்களின் பெருமைகளுள் ஒன்று கூட்டிய முற்றம். அதைக் குறை கூறுவோர் இவ்வூரில் வாழ முடியாது. ஆனால் அந்தச் சருகே குருவியின் சோற்றுத்தட்டு. சருகு உக்கினாற் புழு. புழு இருந்தாற் குருவி. மாமரங்கள் இரண்டுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட மூலையை மாத்திரம் விட்டுவிடும்படி வேண்டினோம்.

"தம்பி, பாம்பு பூச்சி வந்து கிடக்கும். ஒரு குருவிக்காக வளவைக் குப்பையாக்கிறதோ?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சிறு பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டிலே நாம் இதைக் கேட்டிருக்கமாட்டோம். டெங்கு நோய் பரவும் மாரிகாலம் வேறு. ஒரு நாள் வளவுகளைப் பார்வையிட வந்த சுகாதாரப் பரிசோதகரும் அம்மூலையை முறைத்துப் பார்த்தார். நுளம்பு பெருகுவது தேங்கிய நீரிலேயன்றி உலர்சருகிலன்று என்று எம் தொழிற்பழக்கத்தால் ஒரு பாடம் நடத்தத் தொடங்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டபின், சருகுக்குள்ளே கிடந்த சிரட்டை மூன்றைக் காலாற் புரட்டிக் காட்டினார். மூன்றிலும் நீர். பாடம் அவ்வளவோடு நின்றது. சிரட்டையும் சோடாப் போத்தலும் பொறுக்கி அகற்றுவது அன்றுமுதல் எம் நாளாந்தக் கடமையாயிற்று. அதைக் கண்டபின்னரே அன்னையாரும் அரைமனதாக இணங்கினார்.

படமெடுக்க முனைந்த கதை நீண்டது. கிடுகு இரண்டைச் சாய்த்து மறைவு கட்டி, தாழ்ந்த பலகையொன்றில் விடியலிலே போய் அமர்வோம். முதல் நான்கு நாட்களும் குருவி வரவேயில்லை. நுளம்புகள் மாத்திரம் வந்தன. ஐந்தாம் நாள் வந்தது. மரநிழலிலே ஒளி போதாமையால் படத்திலே ஒரு பச்சைப் புகையே விழுந்தது. மின்னொளி பாய்ச்சிப் படமெடுக்க விரும்பவில்லை. அந்தக் கண்கள் ஏற்கெனவே ஒரு கண்ணாடியால் ஏமாந்தவை. கமராவைச் செங்கல்லின்மேல் அசையாது வைத்து, ஒளியை உணரும் திறனைக் கூட்டி, குருவி அசையாது நிற்கும் கணத்துக்காகக் காத்திருப்பதே வழியென்று மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டோம். அதற்கொரு வழக்கம் உண்டு: இரண்டு மூன்று தத்தல், அலகாற் சருகை ஒருபுறம் எறிதல், பின்பு தலையைச் சாய்த்து ஒரு நிற்றல். அந்த நிற்றலே எமக்குரியது. எனினும் ஒரு நாள் வால். ஒரு நாள் வெறுஞ் சருகு. நவம்பர் இறுதியிலே பெருமழை பெய்து குடாநாடெங்கும் வெள்ளம் நின்றபோது, எம் கோடியிலும் கணுக்காலளவு நீர். மூன்று மாலைகள் குரல் இல்லை. அன்னையாரே, "உன்ரை குருவி என்னவாச்சுது?" என்று விசாரித்தார்.

நீர் வடிந்து இரண்டாம் நாட் காலை அது வந்தது. ஈரச் சருகுக்குள்ளிருந்து நீண்ட மண்புழுவொன்றை இழுத்தெடுத்து, எம் பக்கம் திரும்பி நின்றது. மூன்று படங்கள். இரண்டு பழுது. ஒன்றிலே புழுவும் அலகும் கருங்கண்ணும், சருகின்மேல் நின்ற ஒற்றை நீர்த்துளியும் தெளிவாக விழுந்திருந்தன.

அதனை அச்சிடுவித்து அன்னையாரின் கையிற் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுவோ மீசாலையில கூவினது?"

"ஓம் அம்மா, இந்தச் சாதிதான்."

"இவ்வளவு வடிவோ?... அம்மா ஒரு நாளும் இதைக் காணேல்லை. சத்தத்தைத்தான் கேட்டவ." பின்பு ஒன்றும் பேசவில்லை. படம் இப்போது சுவாமி அறைக்கு வெளியே, அம்மம்மாவின் படத்துக்குக் கீழே தொங்குகின்றது. மாட்டியவர் நாமல்லர்.

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னர், மாலை ஆறு மணி கழிந்தும் கோடியிலே ஒலியில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த காலை அன்னையார் விளக்குமாற்றுடன் மாமரத்தடிக்குப் போய், சருகு மூலையின் ஓரத்திலே நின்று எம்மைப் பார்த்தார்.

"இனிக் கூட்டலாமே தம்பி?"

"கிடக்கட்டும் அம்மா, உக்கட்டும்" என்றோம்.

அவர் அந்த ஓரம் வரையிற் கூட்டிவிட்டு, சருகுக்குள்ளே கிடந்த சிரட்டையொன்றை எடுத்துக்கொண்டு திரும்பினார்.