நான் இல்லாத பள்ளிக்கூடம்

1983 முதல் 1989 வரை கல்வராயன் மலையில் ஆசிரியராக இருந்தேன் என்று என் பணிப்பதிவேடு சொல்கிறது. நானும் அதையே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற நாளில் வாழ்த்திப் பேசியவர்கள், பஸ் போகாத ஊரில் மலைவாழ் மக்களுக்குத் தொண்டு செய்தவர் என்று என்னைப் புகழ்ந்தார்கள். மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், மறுக்கவில்லை. அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியை நான் கள்ளக்குறிச்சியில் என் வீட்டில்தான் கழித்தேன். மலையில் இருந்தது என் கையெழுத்து மட்டும்.

என் உழைப்பு வாழ்க்கை பல இடங்களில் கழிந்தது. ஆரம்பத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடைச்சீட்டு எழுதினேன். பிறகு ஆசிரியர் பயிற்சி, மலை, அறிவொளி இயக்கம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் பணி, அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் பயிற்றுநர் வேலை, கடைசியில் தலைமையாசிரியர். ஓய்வுக்குப் பிறகு காசிக்குப் போனேன், சிங்கப்பூரில் மகன் வீட்டில் சில மாதம் இருந்தேன். இவற்றில் மற்ற எதைப் பற்றியும் எவர் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லுவேன். மலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் கோமுகி அணையின் அழகையும் மேகம் அருவியையும் பேசிவிட்டுத் தப்பித்துவிடுவேன்.

அது ஈராசிரியர் பள்ளி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறி வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். மழை பிடித்தால் ஓடை குறுக்கே நிற்கும். ஊரில் மின்சாரம் இல்லை, தங்க வாடகை வீடு என்று எதுவும் இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் மாதத்திலேயே ஊர்க்கவுண்டர் தன் வீட்டுத் திண்ணையை ஒட்டி ஓர் அறையைச் சாணி மெழுகிக் கொடுத்தார். கயிற்றுக் கட்டில் போட்டார். அந்தக் கட்டிலில் நான் படுத்த இரவுகள் சொற்பம்.

நானும் உடன் பணியாற்றியவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆளுக்கு ஒரு வாரம். போகிற வாரத்திலும் திங்கள் மதியம் போய்ச் சேர்ந்து வியாழன் இறங்கிவிடுவது. பிறகு அதுவும் குறைந்து, சம்பளத்துக்கு முன்னால் ஒருமுறை என்று ஆயிற்று. விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவேன். தேதி எழுதாத தற்செயல் விடுப்பு விண்ணப்பம் ஒன்று மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். அதிகாரி ஆய்வுக்கு வந்தால் அன்றைய தேதியை எழுதி எடுத்து வைக்க வேண்டியது. அதற்குத் தேவையே வரவில்லை. அப்போது நாங்கள் தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். வங்கக் கடலோரத்திலிருந்து இந்த மலை உச்சிக்கு யார் வருவார்கள்? 1993-இல் விழுப்புரம் மாவட்டமும் 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டமும் பிறந்தன. வெள்ளிமலை ஒரு வட்டத்தின் தலைநகரானது. என் காலத்தில் அந்தத் தூரம்தான் எனக்குக் காவல்.

ஊரார் ஏன் புகார் செய்யவில்லை என்று பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து ஒரு தலைமுறை ஆன பிறகு, 1976-இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. நான் போனபோது அது நடந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. கீழிருந்து ஒருவன் வெள்ளைச் சட்டையோடு வந்தால் அவனுக்கு ஏதாவது கொடுத்தனுப்பிப் பழகிய மக்கள். எனக்கும் கொடுத்தார்கள். சாமை, தேன், கடுக்காய், சில சமயம் கோழி. அன்பின் காணிக்கை என்றே நினைத்து வாங்கிக்கொண்டேன். அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தர அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது, நான் வராவிட்டால் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். நான் சொல்லவில்லை. ஜாகீர் ஆட்கள் வாங்கிய கைகளிலிருந்தே நானும் வாங்கினேன், அவர்கள் கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஏன் இப்படி இருந்தேன்? சோம்பல் என்று சொன்னால் குற்றம் சிறிதாகிவிடும். நான் சோம்பேறியாக இருந்ததில்லை. 1990-களில் அறிவொளி இயக்கத்தில் சமவெளிக் கிராமங்களுக்கு என்னை அனுப்பினார்கள். கரும்புக் காட்டில் களையெடுத்துவிட்டு வரும் பெண்களுக்குத் தெருவிளக்கடியில் இரவு ஒன்பது, பத்து மணி வரை சொல்லிக் கொடுத்தேன். மழையிலும் சைக்கிளில் போனேன். ஒரு பாட்டி தன் பெயரைச் சிலேட்டில் எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆகவே எனக்குச் சொல்லித்தரத் தெரியும், மனமும் இருந்தது. மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மனம் வரவில்லை. இவர்கள் ஆடு மேய்க்கப் போகிறவர்கள், மரவள்ளி நடப் போகிறவர்கள், இவர்களுக்கு எதற்கு என்று என் அடிமனதில் ஓர் எண்ணம் இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. ஆனால் என் கால்கள் அந்த எண்ணத்தின்படிதான் நடந்தன. அதற்கு இளக்காரம் என்று பெயர். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

பள்ளி மூடிக் கிடக்கவில்லை. அந்த ஊரில் எட்டாம் வகுப்பு வரை படித்த ஓர் இளைஞர் இருந்தார். மலையடிவாரத்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பியவர். அவரைப் பிடித்து என் சம்பளத்திலிருந்து மாதம் 30 ரூபாய் கொடுத்துப் பாடம் நடத்தச் சொன்னேன். அவர் தினமும் வந்தார். பிள்ளைகளை ஓடையில் முகம் கழுவ வைத்து வரிசையில் உட்கார வைப்பார். கடுக்காய்களை அடுக்கிக் கூட்டலும் கழித்தலும் சொல்லித் தருவார். அவருக்கு வராத பாடத்தை ஒரு தாளில் குறித்து வைத்திருப்பார், நான் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள. நான் போவதோ எப்போதாவது. தாளில் குறிப்புகள் சேர்ந்துகொண்டே போகும். நான் போன நாளிலும் பதிவேட்டை முடித்துக் கையெழுத்துப் போடவே நேரம் சரியாக இருக்கும். "அடுத்த தடவை பார்க்கலாம் தம்பி" என்பேன்.

பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் குற்றத்தின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பல குடும்பங்கள் பிள்ளைகளோடு மலையை விட்டுப் போய்விடும். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைகளுக்கு ஏற்றும் பருவத்தில் பெரிய பிள்ளைகள் வரமாட்டார்கள். பதிவேட்டில் அவர்கள் எல்லா நாளும் வந்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடம் போகும், கேள்வி வரும். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் கணக்கும் அந்த எண்ணிக்கையைத்தான் பின்பற்றியது. மிச்ச அரிசியை நான் தொடவில்லை. தொட்டவர் யார் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என் பதிவேட்டையும் திறக்க வேண்டியிருக்கும்.

ஆண்டு முடிவில் எல்லோருக்கும் தேர்ச்சி. ஐந்தாம் வகுப்பு முடித்ததாகச் சான்றிதழ் எழுதி உண்டு உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினேன். அந்த இளைஞர் தனியாளாக ஐந்து வகுப்பையும் சமாளித்ததில் சில பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், பலருக்கு அதுவும் வராது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த ஒரு பையனைப் பற்றி அங்கே இருந்த ஒருவர் என்னிடமே சொன்னார்: "மலைப் பசங்களுக்கு மண்டையில ஏறாது சார். அஞ்சு வருஷம் படிச்சிட்டு வந்து அ, ஆ தெரியல." நான் தலையசைத்தேன். அந்தப் பையன் ஐந்து வருடம் படிக்கவில்லை, நான் ஐந்து வருடம் எழுதினேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவன் சில மாதங்களில் ஓடிவந்துவிட்டான்.

ஆசிரியர் வராத ஊர் என்று காகிதத்தில் இருந்திருந்தால் என்றைக்காவது ஒரு கேள்வி எழுந்திருக்கும். பள்ளி நடந்தது, பிள்ளைகள் வந்தார்கள், தேறினார்கள் என்று நான் எழுதிவிட்டபடியால், அவர்களுக்குப் படிப்பு வராததற்குக் காரணம் அவர்கள் தலைதான் என்று ஆகிவிட்டது. பாடத்தையும் கொடுக்காமல், பாடம் கிடைக்கவில்லை என்று முறையிடும் வழியையும் அடைத்துவிட்டேன். பின்னாளில் பயிற்றுநராக மற்ற ஆசிரியர்களின் பதிவேடுகளைப் புரட்டியபோது எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிலரைக் கடிந்தும் இருக்கிறேன். அவர்கள் இதைப் படித்தால் என்னை என்ன நினைத்தாலும் தகும்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டு 20 தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் போன மலையாளிப் பழங்குடியினர் அவர்களில் இருந்தார்கள், என் பள்ளிப் பிள்ளைகளின் இனத்தவர்கள். கல்வராயன் மலையிலிருந்தும் ஆட்களை ஏற்றிப் போகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. எழுத்து தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, வறுமைக்கு வேறு வேர்களும் உண்டு. என்றாலும் இறந்தவர்கள் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது, வயதை வைத்து நான் மனதுக்குள் வகுப்புக் கணக்குப் போட்டேன். இவன் எண்பத்தைந்தில் ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பான் என்று.

மலையில் தங்கவே முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த வாதமும் ஒருநாள் உடைந்தது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே வந்து ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களையே பயிற்றிச் செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். என் மலையின் அந்தப் பக்கச் சரிவு, அதே மலையாளி மக்கள், அதே மழை. கேரளத்திலிருந்து வந்தவர்கள் வேர் விட்டிருந்தார்கள். கச்சிராயபாளையத்துப் பக்கம் பிறந்த எனக்குத்தான் தூரமாக இருந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, டீக்கடையில் எல்லோரும் கல்வராயன் மலையைத் திட்டினார்கள். மலையில் ஊறல் போடுவது உண்மை. ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது வெளியிலிருந்து கொண்டுவந்த மெத்தனால். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் அங்கே என்ன நிலையில் இருக்கின்றன என்ற கேள்வி நாற்பது வருடம் கழித்து நீதிமன்றத்தில் எழுந்தது. அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு என்னிடம் இருந்தது. யாரும் என்னை அழைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் பிறகு என்னைத் தூங்கவிடவில்லை.

மலைக்குப் போனேன். இப்போது அந்த ஊர் வரை வண்டி போகிறது. ஊர்க்கவுண்டர் எப்போதோ காலமாகிவிட்டார். பாடம் நடத்திய இளைஞர் இன்று பேரப்பிள்ளைகள் எடுத்தவர். என்னை அடையாளம் கண்டு "வாங்க சார்" என்று பாய் விரித்தார். 1989-இல் மாறுதல் உத்தரவு கைக்கு வந்த மகிழ்ச்சியில் கடைசி மாதங்களுக்கான பணத்தை அவருக்குக் கொடுக்காமலே இறங்கிவந்திருந்தேன். அதைச் சொல்லி ஒரு தொகையை நீட்டினேன். வாங்கி எண்ணிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் செய்ததையெல்லாம் சொன்னேன். "தெரியும் சார், நான்தானே கூட இருந்தேன்" என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். "அந்த வருஷமெல்லாம் இங்க பாடம் நடத்துனது நான்தான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். பேரன் ஆசிரியர் பயிற்சி படிக்கிறான். எங்க தாத்தா வாத்தியாரா இருந்தாருன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்களாம்."

அவர் பெயரை அச்சில் போட வேண்டாம் என்றார், அதனால் இங்கே எழுதவில்லை. அந்தப் பள்ளியில் 1984 முதல் 1989 வரை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர்தான், பதிவேட்டில் உள்ள என் கையெழுத்துகள் பொய்யானவை என்று தனித்தாளில் எழுதி, அன்றைய தேதி போட்டு, என் முழுப்பெயரோடு கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்திருக்கிறேன். இன்னொரு பிரதி கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது.