மலையிறங்கும் முன் ஒரு பாட்டில்

"சார், அது ப்ரோட்டோகால். தலைக்காயம்னா மூணு பர்சன்ட் சலைன் ஒரு பாட்டில் மாட்டி, மலையிறக்கி விட்டுடுவோம்." மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஓர் இளம் டாக்டர் இப்படிச் சொன்னார். நான் ஓய்வு பெற்ற மயக்க மருத்துவன். கொடைக்கானலில் விபத்துக் கேஸ்களோடு வாழ்ந்தவன். வரிசையில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் அன்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நாங்கள் படித்த காலத்தில் மூளை வீக்கம் என்றால் மேனிட்டால்தான். சமவெளியில் அது நல்ல மருந்து. மலையில் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். ஜனவரி இரவில் ஸ்டோர் அலமாரியிலிருந்து 20 சதவீத மேனிட்டால் பாட்டிலை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால், அடியில் ஊசி ஊசியாகப் படிகம் மின்னும். அதை நரம்பில் ஏற்ற முடியாது. வெந்நீரில் வைத்து, குலுக்கி, முழுக்கக் கரைந்ததும் உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, ஃபில்டர் வைத்த செட்டில் போட வேண்டும். பெருமாள்மலை வளைவில் பைக்கோடு விழுந்த பையனுக்கு ஒரு கண்பாவை விரிந்துகொண்டே போகும். இங்கே நாங்கள் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருப்போம். எங்கள் சிஸ்டர் ஒருவர் குளிர்காலம் முழுக்க இரண்டு பாட்டில்களை ஸ்டெரிலைசர் பக்கத்திலேயே வைத்திருப்பார். அந்த முன்யோசனைக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை.

ஏற்றிய பிறகும் நிம்மதி இல்லை. மேனிட்டால் சிறுநீராகக் கொட்டும். தொடை எலும்பும் முறிந்து ரத்தம் போனவனுக்கு, பாதி மலை இறங்குவதற்குள் பிரஷர் விழுந்துவிடும். சிஸ்டாலிக் ஒரு தடவை 90-க்குக் கீழே போனாலே தலைக்காயக்காரனுக்கு ஆபத்து. மூன்று சதவீத உப்புக்கரைசல் இந்த இரண்டு தொல்லைகளையும் தீர்த்தது. குளிரில் உறையாது, பிரஷரையும் தாங்கிப் பிடிக்கும்.

இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. 1919-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வீட், மெக்கிப்பன் என்ற இருவர் பூனைகளுக்கு 30 சதவீத உப்புக்கரைசலை ஏற்றினார்கள். திறந்த மண்டைக்குள் மூளை சுருங்கியதைக் கண்ணால் பார்த்தார்கள். வெறும் வாலைவடிநீரை ஏற்றியபோது அதே மூளை வீங்கியது. சாதாரண சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம். மூன்று சதவீதத்தில் 513, கடல்நீரில் இருப்பதை விடவும் கொஞ்சம் அதிகம். அதைப் போய் 'உப்புத்தண்ணி' என்று சொந்தக்காரர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். டாக்டரே அப்படி நினைத்து மாட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்கு இந்த வைத்தியத்தைக் கற்றுக்கொடுத்த சீஃப் வார்டுக்குள் நுழைந்ததும் பாட்டிலைப் பார்க்க மாட்டார். "டார்ச் எங்கே?" என்றுதான் கேட்பார். ஒரு பக்கப் பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கிறதா? நாடி இறங்கி பிரஷர் ஏறுகிறதா? அப்படியென்றால் கொடு, முழு அளவில் கொடு. அறுபது கிலோ ஆளுக்கு 250 மில்லி வரை, பத்திருபது நிமிடத்துக்குள். கொடுத்துவிட்டு மறுபடி டார்ச் அடி. விரிந்த பாவை மெல்லச் சுருங்குவதைக் கண்டவன் அந்தக் கணத்தை மறக்க மாட்டான்.

இப்போது மாட்டுவது நூறு மில்லி பாட்டில். மலைக்குக் கீழே வத்தலகுண்டு வரை சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வீக்கம் இருந்தால் அது போதாது. இல்லாவிட்டால் அது தேவையே இல்லை. மெல்போர்னில் சம்பவ இடத்திலேயே 7.5 சதவீதக் கரைசலை ஏற்றிப் பார்த்தார்கள். 2004-ல் வந்த முடிவில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பிரான்சில் 20 சதவீதக் கரைசலைத் தொடர்ந்து ஏற்றிப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவும் அதேதான். முன்கூட்டியே ஊற்றி வைக்கும் காப்பு இது இல்லை. பிரஷர் மாத்திரையால் ஏற்கெனவே பல நாளாகச் சோடியம் குறைந்துபோய், அதனாலேயே தடுமாறி விழுந்த பெரியவர்களும் வருகிறார்கள். அவர்களுக்குச் சோடியம் ஒரு நாளில் பத்துக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டே கெடக்கூடும். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் எப்படி மாட்டத் துணிகிறார்கள்?

பாட்டிலை மாட்டுகிறவர்கள் தலைமாட்டைப் பார்ப்பதில்லை. ஆம்புலன்ஸில் நோயாளியின் தலை டிரைவர் பக்கம் இருக்கும். மலை இறங்கும்போது வண்டியின் மூக்கு கீழே சாயும், தலையும் சாயும். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை 30 டிகிரி தூக்கி, கழுத்தைத் திருகாமல் நேராக வைக்க ஒரு பைசா செலவில்லை. அதற்கு ப்ரோட்டோகால் தேவையில்லை, கை வேண்டும்.

ரெஃபரல் சீட்டும் அப்படித்தான். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, அப்போது சோடியம் எவ்வளவு, பாவை எப்படி இருந்தது என்று நான்கு வரி எழுதாமல் அனுப்பியதில்லை நாங்கள். இப்போது 'ஹெட் இஞ்சுரி, 3% கிவன்' என்று ஒரே கிறுக்கல். கீழே இருக்கும் டாக்டர் எதை நம்புவார்? அவரும் இன்னொரு பாட்டிலை மாட்டுகிறார். மறுநாள் காலை சோடியம் 160-ஐத் தாண்டி, சிறுநீரகம் மல்லாடும்போது யார் கொடுத்தது எவ்வளவு என்று சொல்ல ஆள் இல்லை.