ஹவுள் நீர் தெளிந்த விதம்



எங்கள் மஹல்லா பள்ளிவாசலின் ஹவுள் பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் உடையது. தேங்கிய நீரை ‘அதிக நீர்’ எனக் கொள்வதற்கு ஹனஃபி சட்ட அறிஞர்கள் கூறிய அளவு அது. சென்ற ஷஅபானில் அந்த நீர் அரிசி கழுவிய நீர்போல் வெண்மையாகக் கலங்கிவிட்டது. படி தெரியாமல் முதியவர் ஒருவர் வழுக்கி விழப் பார்த்தார். ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹவுளைத் தூர்த்துவிட்டுக் குழாய்கள் வைத்துவிடலாம் என்று நிர்வாகிகள் சிலர் பேசத் தொடங்கினர்.

“ஹஜ்ரத், இந்தத் தண்ணீரில் ஒளு கூடுமா?” என்று மதரஸா மாணவர்கள் கேட்டனர். கூடும். மண்ணாலும் பாசியாலும் நெடுநாள் தேங்கியதாலும் நிறம் மாறிய நீர் தன் தூய்மையை இழப்பதில்லை. நஜீஸ் கலந்து நிறம், சுவை, மணம் ஆகியவற்றுள் ஒன்று மாறினால் அதிக நீரும் அசுத்தமாகிவிடும். மதீனாவின் புளாஆ கிணற்றைப் பற்றிய நபிமொழியை அறிஞர்கள் இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவர்.

ஆனால், கூடும் என்பதற்காக அப்படியே விட்டுவைப்பது முறையாகுமா? முதியோரும் சிறுவரும் இறங்கும் இடமல்லவா அது!

மோதினார் நாள்தோறும் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிக்கொண்டே போனார். நீர் மேலும் வெளுத்தது. காரணம் பிறகே விளங்கியது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அப்பொடியிலும் சுண்ணாம்பு உண்டு. பொடி மிகும்போது நீரின் காரத்தன்மை உயர்ந்து, கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து வெண்துகளாகப் பிரிந்து மிதக்கிறது. மருந்தே நோயாகிவிட்டது.

எனவே முதலில் பொடியை நிறுத்தினோம். அழுக்கடைந்திருந்த மணல் வடிகட்டியில் நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவினோம். ஹவுளில் ஏறத்தாழ 16,000 லிட்டர் நீர் இருந்தது. 1,000 லிட்டருக்கு 30 கிராம் வீதம் அரைக் கிலோ படிகாரத்தை வாளி நீரில் கரைத்து, இஷாவுக்குப் பின் பரவலாக ஊற்றி, மெதுவாகக் கலக்கினோம். மோட்டாரை நிறுத்தி, எவரும் கைவைக்காதபடி இரவு முழுவதும் விட்டுவைத்தோம். படிகாரம் நுண்துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். சுப்ஹு வேளையில் படிகள் தெரிந்தன. அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல் குழாய்வழி உறிஞ்சி வெளியேற்றினோம். கார அமிலநிலை 7.2 முதல் 7.8க்குள் இருப்பதைப் பார்த்த பின்னரே சிறிதளவு குளோரின் சேர்த்தோம்.

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்போருக்கும் இதே வரிசை பொருந்தும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அடித்தளம் தெரியாத நீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

ஹவுளைத் தூர்க்கும் பேச்சு அத்துடன் ஓய்ந்தது. இரு கை நிறைய அள்ளும் ‘முத்து’ எனும் அளவு நீரில் ஒளு செய்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். திறந்துவிட்ட குழாயின் கீழ் அந்தச் சிக்கனத்தை மாணவர்களுக்குக் கற்பிப்பது கடினம்.

குடும்பத்தில் மனம் கலங்கும்போதும் நாம் சொல்லுக்கு மேல் சொல் கொட்டுகிறோம். காரணத்தைக் கண்டு, கொட்டுவதை நிறுத்தி, ஓர் இரவு அமைதி காத்தால் படிய வேண்டியது படியும். படிந்ததை அகற்றும் பொறுப்பும் நம்முடையதே.

அல்லாஹ் நம் நீரையும் நெஞ்சையும் தெளிவாக்குவானாக! ஆமீன்.