ஓசியில் வந்த புத்தாண்டு!

டிசம்பர் கடைசியில் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் நேராகக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவார்கள். காந்தி சிலை, கூட்டம், பாட்டு, பாட்டில்! ஏ.எஃப்.டி. மில், ரயில்வே கேட் என்று கடலூர் சாலையில் தெற்கே வந்து, முதலியார்பேட்டை சந்துகளுக்குள் நுழைகிறவர் எத்தனை பேர்? நுழைந்தாலும் பார்க்க என்ன இருக்கிறது என்பீர்கள். என் வாழ்க்கையின் உருப்படியான புத்தாண்டு எனக்கு அங்கேதான் கிடைத்தது. அதுவும் ஓசியில்!

வருஷம் 2011. நான் மாடி ரூம் பிரம்மச்சாரி. ஆபீஸில் ஆளாளுக்கு எதையோ வாங்குகிறார்களே என்று நானும் வருஷக் கடைசித் தள்ளுபடியில் பெரிய டி.வி. ஒன்றைத் தவணையில் வாங்கிவிட்டேன். பெட்டி வந்து இறங்கியது. 'ரெண்டு நாள்ல ஆள் வந்து மாட்டுவாரு ஸார்' என்றார்கள்.

ரெண்டு நாளில் ஆள் வரவில்லை. 'தானே' புயல் வந்தது!

டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை. மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகத்தில் காற்று. கட்டிலில் இருந்த டி.வி. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகாதவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

காற்று அடங்கி வெளியே வந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. ஐந்து ரூபாய் மெழுகுவத்தி இருபது ரூபாய்! பக்கத்து வீட்டுப் பெரியவரின் வேப்பமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது.

அந்தப் பெரியவர் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் நான் அவரிடம் பேசியது ஒரே தடவைதான். ராத்திரியில் பைக் சத்தம் தாங்கவில்லை என்றார். 'அப்படித்தான் இருக்கும்' என்றேன். இப்போது தெருவிலேயே அவர் வீட்டில்தான் அடிபம்பு!

காலி பக்கெட்டோடு வாசலில் தயங்கி நின்றேன்.

"இன்னா தம்பி, நின்னுக்கினே இருக்கே? அடிச்சி எடுத்துக்கினு போ."

எனக்குத் தொண்டை அடைத்தது. "பம்பு நான் அடிக்கிறேன் ஐயா. நீங்க உட்காருங்க" என்றேன். அன்றும் மறுநாளும் தெருவுக்கே தண்ணீர் அடித்தேன். கை கொப்பளித்துவிட்டது.

31 ராத்திரி. கேஸ் தீர்ந்த வீடுகளுக்கும் சேர்த்து, பெரியவர் வீட்டு வாசலில் மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். எரித்தது அந்த வேப்பங்கிளைகளைத்தான். "மில்லுல சேர்ந்த வருஷம் வெச்சது" என்று அடிமரத்தைத் தடவினார் பெரியவர். ஈர விறகு. புகையில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அவர் கண்ணிலும்தான். புகையா என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு யாரோ ஒரு பொடியன் இருட்டுக்குள்ளிருந்து 'ஹேப்பி நியூ இயர்' என்று கத்தினான். மேலே பார்த்தேன். முதலியார்பேட்டைக்கு இத்தனை நட்சத்திரம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

1898-ல் தொடங்கிய அந்த மில்லையும் 2020-ல் மூடிவிட்டார்கள். என் டி.வி. அதற்கு முன்பே பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. அதற்குப் பதினெட்டு மாசம் தவணை கட்டினேன்.

தண்ணீருக்கும் கஞ்சிக்கும் அந்தத் தெரு இன்னும் பில் அனுப்பவில்லை.