மழையா பேயுது?

எங்கள் ஊரில் ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குவதற்கு லாட்ஜ். கோவில்பட்டியில் வளர்ந்த எனக்கு, 'ஹோட்டலில் ரூம் போட்டிருக்கிறோம்' என்று கம்பெனியிலிருந்து முதல் மெயில் வந்தபோது, பரோட்டாக் கடை மாடியில் படுக்கவைப்பார்களோ என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. பத்து வருடத்தில் அந்த வெகுளித்தனம் போய்விட்டது. இப்போது எந்த நகரத்தில் எந்த அறைக்குள் நுழைந்தாலும், வைஃபை பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் பாத்ரூமுக்குப் போய் ஷவரைத் திறந்து பார்க்கிறேன்.

காரணம் கரிசல். மழை பெய்தால் காலை விடாமல் அப்பிக்கொள்ளும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண். பருத்தி, உளுந்து, கம்பு எல்லாம் மானாவாரிதான். கிணறு வெட்டினால் பல இடங்களில் உப்பு. அதனால் எங்கள் பேச்சில் வெறும் 'தண்ணி' கிடையாது. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு. நல்ல தண்ணி என்பது சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தது, சில சமயம் ராத்திரி இரண்டு மணிக்கு. தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று சீறும். அந்தச் சத்தத்துக்கே அம்மா எழுந்துவிடுவாள். அண்டா, தவலை, குடங்கள், கடைசியில் டம்ளர் வரை நிரப்பி வைப்போம். குளிக்க எனக்கு ஒரு வாளி, அதுவும் உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்கவே நுரைக்காது.

அதனால் பெங்களூரில் வேலை கிடைத்ததும், ஷவருக்கு அடியில் எண்ணாமல் நிற்பதுதான் நான் செட்டில் ஆனதற்கு அடையாளமாக இருந்தது. பைக் எல்லாம் அப்புறம்.

2019 ஜூன் 17, திங்கட்கிழமை. ஒரு வார வேலையாகச் சென்னை போயிருந்தேன். ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய ஹோட்டல். முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டிருந்தன. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த அதே ஊர். வெடித்துக் கிடந்த ஏரிப்படுகையின் படங்களை செல்போனில் பார்த்து, 'நம்ம ஊர்க் காடு மாதிரியே இருக்கே' என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். அறைக்கு வந்து வெந்நீருக்காக ஷவரைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா போன்.

"என்னய்யா, அங்க மழையா பேயுது? சத்தம் கேக்குது."

ஷவர் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் குழாய் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது என்று காலையில் சொல்லியிருந்தாள். வாய் தானாக, "ஆமாம்மா" என்றது.

"பேயட்டும், நல்லாப் பேயட்டும். பாவம், அங்க சனம் கொடத்தத் தூக்கிட்டு அலையுதுன்னு டிவில காட்டுதான்."

பிறகுதான் சிக்கல் புரிந்தது. ஷவரை மூடினால் மழை பொசுக்கென்று நின்றுவிடும். அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சென்னையில் மழை என்று சொல்லி, அத்தை போனை வாங்கி விசாரித்து, திரும்ப அம்மா வந்து வைக்கும்வரை இருபது நிமிடம் அது ஓடியது.

மறுநாள் காலை கதவடியில் ஒரு கடிதம் கிடந்தது. தண்ணீர்த் தட்டுப்பாட்டால் பகலில் குழாய் வராது, சிரமத்துக்கு வருந்துகிறோம். கொஞ்ச நேரத்தில் ரூம் பாய் ஒரு வாளியும் மக்கும் கொண்டுவந்து வைத்தான். "ஒரு வாளிதான் சார். சமாளிச்சுக்குவீங்களா? நேத்து ஒருத்தரு சண்ட போட்டுட்டாரு."

சமாளித்தேன். எத்தனை மக்கில் உடம்பை நனைப்பது, எத்தனையில் சோப்பைக் கழுவுவது, கடைசி இரண்டைத் தலைக்கு எப்படி மிச்சம் பிடிப்பது, எல்லாம் உடம்புக்கு மறக்கவேயில்லை.

மதியம் ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு இல்லை. இலை, கூட்டு, பொரியல், கிண்ணம் என்று கழுவித் தீராது, அதனால் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பார்சல் மட்டும். எங்கள் ஊர் ஓட்டலில் உட்கார்ந்ததும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார்கள். இங்கே கல்லாவில் பாட்டில் விற்றார்கள். அந்தச் சாலையில் பல கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தன.

விடியற்காலையில் ஹோட்டலின் பின்பக்கம் டேங்கர் லாரிகள் வந்து நிற்பதை ஜன்னலில் பார்த்தேன். சுற்றுவட்டாரக் கிராமங்களின் வயல் கிணறுகளிலிருந்து ஏற்றி வருகிற தண்ணீர். நான் திறந்துவிட்ட மழை யாரோ ஒருவருடைய நெல்லுக்கோ கத்திரிக்கோ உரியது. அடுத்த மாதம், ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் சென்னைக்கு ரயிலேறி வந்தது. பெரிய ஊருக்குத் தாகம் எடுத்தால் சின்ன ஊரிலிருந்து ரயில் வரும் என்று கசப்பாகத் தோன்றியது. ஆனால் நாங்கள் மட்டும் என்ன? எங்கள் நல்ல தண்ணியும் தாமிரபரணிக் கரைக்காரர்களிடமிருந்து வருவதுதான். வித்தியாசம், அதை நாங்கள் குடம் குடமாக எண்ணினோம்.

நானும் எண்ணிப் பார்த்தேன், என்ஜினீயர் புத்தி. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும் இருபது நிமிடத்துக்கு இருநூறு. குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் பதின்மூன்று குடம்.

வியாழக்கிழமை, ஆறு மாதத்துக்கும் மேலாக மழையே பார்க்காத நகரத்தின் சில பகுதிகளில் மழை பெய்தது. ஆபீஸில் வேலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார்கள். சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"ஏய்யா, இன்னைக்குத்தான் மொத மழன்னு டிவில சொல்லுதான். நீ திங்கக்கெழமையே பேஞ்சுதுன்ன?"

"அது ஷவரும்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எத்தன கொடம் இருக்கும்யா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.