மணி என்ன?

பிளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். யந்திர சமாசாரங்களில் எனக்குள்ள ஞானம் ஃபியூஸ் போடுவதோடு சரி. அப்படிப்பட்டவன் ஓர் இரவு முழுக்கக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா?

திருவள்ளூரில் ஒரு கல்யாண வரவேற்பு. என் தம்பியும் வந்திருந்தான். 2012-ல் அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அவன் ஒரு பந்தியில் உட்கார்ந்தான். நான் அடுத்த பந்திக்குக் காத்திருந்தேன். பாயசம் வருவதற்குள் தங்கை மகனுக்குப் போன் வந்துவிட்டது. "மாமா, பாக்டரியிலே அலாரம். நீங்களும் காரில் ஏறுங்க, முடிச்சுட்டு வீட்டிலே விட்டுடறேன்" என்றான். பெரியபாளையம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் சரக்கேற்றிய லாரிகள் ஐந்து. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போக, 2018 முதல் மின்வழிச் சீட்டு வேண்டும். அது புனேயிலுள்ள தலைமை ஆபீஸிலிருந்து வரவேண்டும். உள்ளே திரையில் சிவப்பு எழுத்து: 'டனல் டவுன்.'

"சுரங்கமா? எங்கேடா தோண்டினீர்கள்?"

"மண்ணிலே இல்லை மாமா. இன்டர்நெட் பொதுச் சாலை. அதிலே நம்ம கடுதாசியை மட்டும் உறையிலே போட்டு, முத்திரை வைச்சு அனுப்பறோம். அதுக்குத்தான் அந்தப் பேர். இந்த ரவுட்டர் புனே ரவுட்டரைப் பார்த்து அடிக்கடி 'இருக்கியா?'ன்னு கேட்கும். சில தடவை பதில் வரலேன்னா கூச்சல் போடும்."

"அப்படியானால் அந்தப் பக்கம் செத்துப் போயிற்று."

"பதில் வரலேங்கிறது மட்டும்தான் இதுக்குத் தெரியும். ஏன் வரலேன்னு தெரியாது."

முதலில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்தான். திறந்திருந்தது. புனேக்காரரைப் போனில் பிடித்தான். மற்றக் கிளைகளெல்லாம் நன்றாகப் பேசுகின்றன என்றார் அவர். பிறகு ரவுட்டர் தானே எழுதி வைத்திருந்த தினக்குறிப்பை வரி வரியாகப் படித்தான். ஓரிடத்தில் நின்று சிரித்தான்.

"எதிராளியின் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லையாம்! இதோட தேதியைப் பாருங்க."

1993 மார்ச் 1.

மாலையில் மின்சாரம் போயிருக்கிறது, யு.பி.எஸ்.ஸும் காலை வாரியிருக்கிறது. நேரத்தைக் காக்கப் பாட்டரி இல்லாத சில பழைய ரவுட்டர்கள், விழித்ததும் அந்தத் தேதியில்தான் எழுந்து உட்காருமாம். 2024-ல் கொடுத்த சான்றிதழை அது எப்படி நம்பும்? இன்னும் பிறக்காதவன் வந்து கதவைத் தட்டுகிற மாதிரி அல்லவா!

"சரியான நேரத்தை யாராவது அதற்குச் சொல்லக் கூடாதா?"

"சொல்ற கடிகாரம் புனேயிலே. அங்கே போக டனல் வேணும். டனல் வர நேரம் வேணும். இப்படியே விட்டா விடியாது மாமா. யாராவது கையாலே திருத்தணும்."

ஒரே ஒரு வரி தட்டினான். சற்றைக்கெல்லாம் சிவப்பு பச்சையாயிற்று. இந்திய நேரத்தைக் காத்து வரும் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திடமும் இனி மணி கேட்டுக் கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டு எழுந்தான். லாரிகள் ஒவ்வொன்றாக ஜி.என்.டி. சாலையை நோக்கி உறுமிக்கொண்டு நகர்ந்தன.

நான் வாசற்படியில் நின்றேன். அவன் வந்து பேசினால் நம்பலாம் என்று நான். நான் நம்பினால் பேசலாம் என்று அவன். இத்தனை வருஷமாக நாங்கள் எந்தப் புனேயிலிருந்து யாரை எதிர்பார்த்தோம்?

கைப்பேசியை எடுத்தேன். விரல் நடுங்கியது என்பதை ஒப்புக் கொள்கிறேன். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தான். இரண்டு பேரும் பேசவில்லை.

"இருக்கியாடா?" என்றேன்.

"என்னண்ணா, மணி ஒன்றரை ஆகிறது, இன்னும் தூங்கலையா?" என்றான் தம்பி.