இரண்டு துளையிலும் எரிந்த டெஸ்டர்

இரணியல் கைத்தறிக்குப் பெயர்போன ஊர். அங்கே ஒரு நெசவாளர் வீட்டுக்குப் பின்னால், தென்னைகளைத் தாண்டி, ஓட்டுச் சாய்ப்பில் குழித்தறி கிடக்கிறது. வீட்டிலிருந்து 40 மீட்டர் இருக்கும். வீட்டில் எல்லாம் எரிகிறது. சாய்ப்பில் நாலு நாளாக இருட்டு. பழுது பார்க்க வந்த வயர்மேனோடு நானும் போனேன்.

"டெஸ்டர் வச்சா எரியுதுல்லா தம்பி, பின்ன பல்பு ஏன் எரியல?" என்றார் நெசவாளர்.

வயர்மேன் சாய்ப்பில் இருந்த பிளக் பாயிண்டின் இரண்டு துளையிலும் டெஸ்டரை வைத்தார். இரண்டிலும் சிவப்பு. பல்பு சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஒன்றில் மட்டும் சிவப்பு. "பேஸ் வருது அண்ணாச்சி. நியூட்ரல் அத்துப்போச்சு. பல்பு வழியா போன கரண்டுக்குத் திரும்ப வழியில்ல, அதாக்கும் ரெண்டுலயும் காட்டுச்சு."

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். ஆனால் மீட்டருக்கு இப்பால் உள்ள வயரை வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வயர்மேன் மெயினை அணைத்து, பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயர் வழியே நடந்தார். வேலை நடக்கும்போது யாரும் தெரியாமல் மெயினைப் போட்டுவிடக் கூடாதே! அந்தப் பழக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

பலா மரத்தடியில் டேப் சுற்றிய ஓர் இணைப்பு. பிரித்தால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பழைய அலுமினியக் கம்பியோடு செம்புக் கம்பியை முறுக்கியிருந்தார்கள். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அந்தப் பொடியில் கரண்டு பாயாது. இணைப்பு சுட்டுச் சுட்டுத் தளர்ந்து, கடைசியில் விட்டுவிடும். இரண்டு பருவமழையும் குளச்சல் பக்கத்து உப்புக் காற்றும் உள்ள மண்ணில் இது சீக்கிரமே நடக்கும்.

பக்கத்து வீட்டில் யாரோ, "எர்த்து கம்பிய நியூட்ரலா குடுத்தா எரியும்" என்று யோசனை சொன்னார்களாம். வயர்மேனின் முகம் மாறியது. "எரியும் அண்ணாச்சி. எர்த்து குழி காஞ்சு கிடந்தா, எர்த்தோட சேர்ந்த இரும்பு எல்லாத்துலயும் கரண்டு நிக்கும். நீங்க ஈரக்குழிக்குள்ள கால வச்சுட்டு நெய்யுதிய." நெசவாளர் தறிக்குழியைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் இழுத்தார்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே அணைந்துவிடும் ஆர்சிசிபியும் பொருத்தினார்கள். பிறகு வயர்மேன் சாய்ப்பில் ஓர் இஸ்திரிப்பெட்டியைச் செருகி மல்டிமீட்டர் வைத்தார். 229 வோல்ட் 226-க்கு இறங்கியது; அவ்வளவுதான். லோடு கொடுக்காமல் அளந்த வோல்டேஜை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

தறிச் சாய்ப்போ, பம்ப் அறையோ, மாட்டுத்தொழுவமோ வைத்திருக்கிறவர்கள் அங்கே போகும் வயரைப் பகலில் ஒருமுறை தொடாமல் பார்த்து வாருங்கள். டேப் சுற்றிய இடம் தென்பட்டால், மழைக்கு முன்பே உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.